குற்றவாளி என்று சொல்லச் சொன்னேன்

புஷ்பமக்கா அன்றைக்குக் கோயில் பெருநாளுக்கு உடுத்துகிற சேலையில் வந்திருந்தார். கத்தரிப்பூ நிறம். வாசனைச் சவர்க்காரம் போட்டு நன்றாக முழுகியிருக்கிறார் என்பது கிட்டப் போனதுமே தெரிந்தது. அப்படியிருந்தும் நீதிமன்ற விறாந்தையில் அவர் இருந்த வாங்கிலிருந்து இரண்டு பேர் எழும்பித் தள்ளிப்போய் நின்றார்கள். குருநகரில் இருந்து வந்த மீன்காரி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சட்டத்தரணியாகிப் பத்து மாதம். கறுப்புக் கோட்டுக்குள் வியர்வை முதுகில் வழிந்துகொண்டிருந்தது. கை நிறையக் கோப்புகள். அன்றைய பட்டியலில் அவர் பதினோராவது ஆள்.

"மரியபுஷ்பம் ஆர்?"

"நான்தான் பிள்ளை."

"உம்மடை வழக்கு இப்ப வரப்போகுது. கூப்பிட்டால் கூண்டுக்குள்ளை ஏறும். குற்றச்சாட்டை வாசிச்சுக் கேப்பினம். குற்றவாளி எண்டு சொல்லும். சின்னத் தண்டத்தோடை முடிஞ்சிடும். மத்தியானத்துக்கு முன்னம் வீட்டை போகலாம்."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நான் அந்தாளுக்கு அடிக்கேல்லையே பிள்ளை."

"அது எங்களுக்குத் தெரியும்."

பொய். எனக்கு ஒன்றும் தெரியாது. கோப்பின் முதல் பக்கத்தைத் தாண்டி நான் வாசித்திருக்கவில்லை. 'அரச உத்தியோகத்தரைக் கடமையின்போது தாக்கியமை' என்ற வரியைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"பிறகேன் நான் குற்றவாளி எண்டு சொல்லோணும்?"

"இல்லையெண்டால் தவணை தவணையா இழுபடும். ஒவ்வொரு தவணைக்கும் யாவாரத்தை விட்டிட்டு வரவேணும். எது நல்லம் எண்டு நீரே யோசியும்."

யோசியும் என்று சொல்லிவிட்டு, யோசிக்க விடாமல் பன்னிரண்டாவது ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருப்பது வாசகர்களுக்குத் தெரியும். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்த பெண்ணை நடுப்படியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, 'நீ' என்று சொல்லவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த காலம் அது.

இந்தத் தொடரை வாசிக்கிற ஒருவர் போன கிழமை கடிதம் எழுதியிருந்தார். வசதியில்லாதவர்களுக்காகவே வழக்காடுகிறீர்கள், உங்களுக்கு எவ்வளவு இளகிய மனம் என்று. வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, பாவம். அந்த விறாந்தையில் நின்ற கறுப்புக் கோட்டுக்காரிமேல்தான். அதனால் வேறு எழுத இருந்ததை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

ஓர் எழுத்து வித்தியாசம்

குற்றம் செய்யாதவரைச் 'சுற்றவாளி' என்று சொல்வது எங்கள் நீதிமன்றங்களின் வழக்கம். குற்றவாளி, சுற்றவாளி. ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. தலைக்கு மேலே மின்விசிறி கடகடக்க, வாசலில் பொலிஸ்காரர் பெயர் கூப்பிட, பின்வரிசை வாங்கில் யாருடையவோ குழந்தை அழ, அந்த ஓர் எழுத்தில் ஒரு மனிதரின் பெயர் தொங்குகிறது.

புஷ்பமக்கா கூண்டில் ஏறினார். செபமாலையைக் கையில் சுற்றியிருந்தார். குற்றச்சாட்டை வாசித்தார்கள்.

"குற்றவாளியா, சுற்றவாளியா?"

அவர் என்னைத் தேடினார். நான் தலையை ஆட்டினேன்.

"நான் அடிக்கேல்லை ஐயா. ஆனா குற்றவாளி எண்டு சொல்லச் சொன்னவை. அப்ப குற்றவாளி."

மண்டபம் சிரித்தது. சட்டத்தரணிகளின் மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயைக் கோப்பால் மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

என் சீனியர் எழும்பினார். "எனது கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். ஆகக் குறைந்த தண்டனையை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

வழக்கேட்டில் ஒரு வரி விழுந்தது: குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். 'நான் அடிக்கேல்லை' என்பதை யாரும் எழுதவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம் அவர் தண்டத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். "முடிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்டார். "முடிஞ்சுது" என்றேன்.

சீனியரின் அறை

சீனியரைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெயர் வேண்டாம், நாங்கள் எல்லோரும் ஐயா என்போம். அவரிடம் என்னைச் சேர்த்துவிட்டவர் அப்பா. உடுவிலில் தோட்டமும் கச்சேரியில் அரச உத்தியோகமுமாக இருந்த மனிதர், மகளைச் சட்டத்தரணியாக்கிப் பார்த்ததில் தலைகால் தெரியாத சந்தோசம். ஐயாவின் வீட்டுக்குக் கதலி வாழைக்குலையோடு போய், கதிரையின் நுனியில் இருந்து கதைத்தார். "பிள்ளைக்குத் தொழிலைப் பழக்கிவிடுங்கோ" என்றார்.

ஐயா கெட்டிக்காரர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஒரு சாட்சியின் சொல்லில் நூல் பிடித்து, முழுக் கதையையும் அவிழ்த்து நிலத்தில் போடுவார். ஆனால் அந்தக் கெட்டித்தனம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று ஒரு கணக்கு அவரிடம் இருந்தது. எந்தக் கோப்பைத் தானே வாசிப்பது, எதை ஜூனியரின் கையில் கொடுத்து 'ஒப்புக்கொள்ளச் சொல்லும்' என்பது, ஆளைக் கண்டதுமே அவருக்குத் தெரிந்துவிடும். புஷ்பமக்காவை அவர்களுடைய கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் கூட்டிவந்து ஐயாவிடம் விட்டிருந்தார். ஐயா அவரோடு ஒரு நிமிடம் நின்றபடியே கதைத்தாராம்.

அதே காலத்தில் எங்களிடம் இன்னொரு வழக்கு இருந்தது. பட்டணத்தில் பெரிய கடை வைத்திருப்பவரின் மகன், வீதியில் மோட்டார் சைக்கிளை மறித்த உத்தியோகத்தர் ஒருவரைத் தள்ளி விழுத்தியிருந்தான். அதே குற்றச்சாட்டு, அதே சட்டப் பிரிவு. அவன் உண்மையாகவே தள்ளியவன். எங்கள் அறையில் இருந்துகொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னான். அந்த வழக்கை ஐயா தவணை தவணையாக விட்டுக்கொடுக்காமல் நடத்தினார். சட்டப் புத்தகங்களைக் காவிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

ஒருநாள் கேட்டேன். "ஐயா, இதையும் ஒப்புக்கொண்டு முடிச்சிருக்கலாமே?"

"விசர்க்கதை கதையாதையும். அவன் கனடாவுக்குப் போக இருக்கிறவன். பெயரிலை ஒரு குற்றம் கிடந்தால் விசா குடுப்பாங்களோ?"

"அப்ப அந்தக் குருநகர் மனிசி?"

"மீன்காரி எங்கை போகப் போறாள்?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். தேநீர் ஆறிப்போகிறதே என்று எடுத்துக் குடித்தேன்.

ஆஸ்பத்திரிக் கடிதம்

ஒன்றரை வருடம் போயிருக்கும். நல்ல மழை நாள். குடையை வாசலில் மடித்து வைத்துவிட்டு, நெஞ்சோடு ஒரு பொலித்தீன் பையை அணைத்தபடி புஷ்பமக்கா உள்ளே வந்தார். பைக்குள் ஒரு கடிதம்.

"வாசிச்சனான் பிள்ளை. ஆனா உதின்ரை கருத்து விளங்கேல்லை."

'நன்னடத்தை தொடர்பாகக் கிடைக்கப்பெற்ற அறிக்கையின் பிரகாரம் தங்களை நியமனத்திற்குப் பரிந்துரைக்க இயலாதுள்ளமையை...' என்று போயிற்று அது. எனக்கே ஒரு முறை நிறுத்தி வாசிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டேன். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் பல வருடம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். விடியச் சந்தையில் மீன் விற்பது, அது முடிய ஓர் அரச ஆஸ்பத்திரியில் நாட்கூலிக்குக் கூட்டித் துடைப்பது. நோயாளர் விடுதிகளில் இரத்தமும் வாந்தியும் கழுவி ஆறு வருடம். நாட்கூலி ஆட்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் பெரிய டொக்டர், "இவ வந்தால் வாட் மினுங்கும்" என்றாராம். அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு பொலிஸ் அறிக்கை கேட்டிருக்கிறார்கள்.

"உங்கடை பெயரிலை ஒரு குற்றம் இருக்கு எண்டு பொலிஸ் எழுதியிருக்கு, அக்கா."

"என்ன குற்றம்?"

"அந்தச் சந்தை வழக்கு."

"அதுக்குத் தண்டம் கட்டினனான்தானே. முடிஞ்சுதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சந்தையிலை அண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவருடைய சட்டத்தரணியாக இருந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, முதன்முதலாக.

சந்தைக்குப் பொறுப்பான அந்த உத்தியோகத்தர் நாள்தோறும் வந்து, இருப்பதில் நல்ல மீனாகப் பார்த்து இரண்டை எடுத்துக்கொண்டு போவாராம். அன்றைக்கு இருந்த விளைமீன் ஆஸ்பத்திரித் தாதி ஒருவருக்குச் சொல்லி வைத்தது. தரமாட்டேன் என்றிருக்கிறார். அந்த ஆள் மீன் இருந்த ஓலைக் கடகத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார். இவர் விடவில்லை. மீன் கழுவின தண்ணியில் வழுக்கி, ஆள் எல்லோருக்கும் முன்னால் விழுந்துவிட்டார். சனம் சிரித்துவிட்டது.

"சிரிச்சதுதான் பிள்ளை அவருக்குப் பொறுக்கேல்லை."

நீர் சிரிச்சனீரோ?

ஐயாவிடம் கடிதத்தைக் காட்டினேன்.

"ஒண்டும் செய்யேலாது. ஒப்புக்கொண்ட வழக்குக்கு அப்பீல் இல்லை. உமக்குத் தெரியாதோ?"

தெரியும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சட்டத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால் எந்த மறுப்பும் சேராமல் ஒப்புக்கொள்ள வேண்டும். 'நான் அடிக்கவில்லை, ஆனால் குற்றவாளி' என்று ஒருவர் சொன்னால் அது ஒப்புதலே இல்லை. வழக்கு விளக்கத்துக்கு, அதாவது சாட்சிகளை விசாரிப்பதற்கு, போக வேண்டும். அப்படியொரு பிழை நடந்தால் மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடலாம்.

ஆனால் வழக்கேட்டில் இருந்தது ஒரு வரி மட்டும். மிச்சத்தைச் சொல்ல யாராவது வேண்டும். அங்கே நின்று, அவர் சொன்னதை முழுதாகக் கேட்ட ஒருவர்.

"உமக்கு விசரோ?" என்றார் ஐயா. "கட்சிக்காரியைப் பிழையா நடத்தினனாங்கள் எண்டு நீரே எழுதிக் குடுக்கப் போறீரோ? என்ரை பெயரையும் சேர்த்தோ?"

"நடந்ததை எழுதப் போறன் ஐயா."

"அப்ப இந்த அறையிலை உமக்கு இனி வேலை இல்லை."

அப்பா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கதைத்தபோது, "ஆரோ ஒரு மனிசிக்காக உன்ரை சோத்திலை நீயே மண் போடுறாய்" என்றார். 'ஆரோ ஒரு மனிசி' என்று அவர் சொன்ன விதத்தில், சொல்லாமல் விட்டது எல்லாம் இருந்தது. தோட்டக்காரர், கடல்காரர், எங்கடை ஆக்கள், அவையின்ரை ஆக்கள். கோபத்தில் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். இருபத்தெட்டு வயதில் அதுதான் முதல் தரம்.

சாட்சி சொல்கிறவளே வழக்காட முடியாது. இலவசமாக வழக்குப் பேசுகிற நிர்மலா அக்காவிடம் போனேன். ஒடுங்கிய முகம், பெரிய கண்ணாடி, எப்போதும் தடிமன் பிடித்து மூக்கடைத்தது போன்ற குரல். முழுதையும் கேட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லி நான் நீதிமன்றத்துக்குக் கொடுக்கவேண்டிய சத்தியக் கடதாசியை அவரே எழுதத் தொடங்கினார்.

"வழக்கைப் பற்றி அவவிட்டை என்ன கேட்டனீர்?"

"ஒண்டும் கேக்கேல்லை."

எழுதினார்.

"ஒப்புக்கொண்டால் என்ன வரும் எண்டு விளங்கப்படுத்தினனீரோ?"

"இல்லை."

எழுதினார்.

"அவ அப்பிடிச் சொல்லேக்கை கோட்டிலை என்ன நடந்தது?"

"எல்லாரும் சிரிச்சவை."

"நீர் சிரிச்சனீரோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அதையும் எழுதுவம்" என்றார்.

அந்தக் கடதாசி மேல் நீதிமன்றத்தில் பதிவான அன்றிலிருந்து விறாந்தைகளில் எனக்கு இடம் குறைந்தது. நான் போய் இருந்தால் மேசையில் கதை நின்றது. ஒருவர் என் காதில் விழும்படியே, "காட்டிக்குடுத்தவள்" என்றார். எங்கள் மண்ணில் அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அந்த மனிசியை ஒரு நிமிடத்தில் விற்றுவிட்டு மத்தியானச் சோற்றுக்குப் போனவர்கள் நாங்கள். அதைச் சொன்னவளுக்குத்தான் அந்தப் பெயர்.

நிர்மலா அக்கா வழக்கைப் பேசினார். நான் பொதுமக்கள் வாங்கில், புஷ்பமக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் சத்தியக் கடதாசியை உரத்து வாசித்தார்கள். சிரித்தேன் என்ற இடம் வந்தபோது புஷ்பமக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. கூண்டிலிருந்து பார்த்தால் எல்லோருடைய முகமும் தெரியும்.

தீர்ப்பு ரத்தாகியது. வழக்கை முதலிலிருந்து விளங்கும்படி கட்டளை வந்தது.

எந்தக் கையால்?

புதிய விளக்கத்தில் நான் சாட்சி இல்லை என்பதால், அதற்கு என்னையே வரச் சொன்னார் புஷ்பமக்கா. "வேறை ஆரும் வேண்டாம். நீங்கள்தான் செய்யோணும்." மன்னித்துவிட்டுக் கேட்டாரா, தண்டனையாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த உத்தியோகத்தர் சாட்சிக்கூண்டில் ஏறினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார்.

"நீங்கள் கிட்டப் போகேக்கை இவவின்ரை கையிலை என்ன இருந்தது?"

"மீன் கடகம்."

"எப்பிடிப் பிடிச்சிருந்தவ?"

"ரெண்டு கையாலையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. விடேல்லை."

"நீங்கள் விழும்வரைக்கும் விடேல்லையோ?"

"விடேல்லை."

"விழுந்த பிறகு?"

"அப்பவும் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவ."

"அப்ப எந்தக் கையாலை உங்களுக்கு அடிச்சவ?"

அவர் நீதவானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார்.

"அது... தோளாலை இடிச்சவ."

"பொலிசிலை கன்னத்திலை அடிச்சதாச் சொல்லியிருக்கிறியள். அவ உங்கடை நெஞ்சு உயரம். தோளாலை கன்னத்திலை இடிச்சவவோ?"

அதற்குப் பிறகு அவரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. புஷ்பமக்கா சுற்றவாளி என்று விடுதலையானார்.

சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்தது பத்து நிமிடம்கூட இருக்காது. எனக்கு அனுபவமில்லை, கோப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அப்படியிருந்தும் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. ஐயா ஒருமுறை கோப்பைத் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அந்த வாங்கில் நான் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இது நடக்க முடியாத பெரிய அநியாயம் ஒன்றும் இல்லை. வெறும் அலட்சியம். இன்று காலையிலும் எத்தனையோ விறாந்தைகளில், நன்றாக உடுத்திய என்னைப்போன்ற ஒருத்தி, "ஒப்புக்கொள்ளும், கெதியா வீட்டை போகலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

படிக்கட்டில்

தீர்ப்பின் பிரதியை எடுத்துக்கொண்டு நானும் புஷ்பமக்காவும் நியமனக் கந்தோருக்குப் போனோம். மூன்றாவது முறை போனபோதுதான் பொறுப்பானவரைக் காண முடிந்தது. பிரதியை மரியாதையாக வாங்கி, இரண்டு முறை வாசித்தார்.

"இவவிலை பிழையில்லை எண்டு விளங்குது, மிஸ். ஆனா அந்த வெற்றிடமெல்லாம் நிரப்பியாச்சு. அடுத்த முறை எடுக்கேக்கை வயசு கூடிப்போகும். இப்பவே கூடிப்போச்சு."

நான் மேசையில் கையை ஊன்றிச் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். புஷ்பமக்கா என் முழங்கையைத் தொட்டார். "அவர் என்ன செய்வார், வாங்கோ" என்றார்.

பிறகு மேலிடத்துக்கு எழுதினேன். திரும்பத் திரும்ப எழுதினேன். சில கடிதங்களுக்குப் பதில் வந்தது. ஒன்றிலும் வேலை வரவில்லை. புஷ்பமக்கா இன்றைக்கும் மீன்தான் விற்கிறார். அந்த உத்தியோகத்தர் பதவி உயர்வோடு வேறிடம் போய்விட்டார். ஐயா ஓய்வு பெற்றபோது பாராட்டு விழா நடந்தது, எனக்கு அழைப்பில்லை. நான் நிர்மலா அக்காவின் அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டவள், இன்னும் அங்கேதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கந்தோர்ப் படிக்கட்டில் நடந்ததை. சுடு வெய்யில். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

அவர் தீர்ப்பின் பிரதியை மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

"ஒண்டு கேக்கட்டோ பிள்ளை? அண்டைக்கு அந்தக் கூண்டுக்குள்ளை உங்கடை அம்மா நிண்டிருந்தால், குற்றவாளி எண்டு சொல்லச் சொல்லியிருப்பியளோ?"

"இல்லை."

"ஓம். எனக்கும் தெரியும். உங்கடை வாயாலை கேக்கோணும்போலை இருந்தது."

வீதியில் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது. அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார். இரண்டு படி இறங்கியதும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வெய்யிலுக்கை நிண்டு அழாதேங்கோ. வாங்கோ, பஸ் வருது."